பிள்ளைகளோடு தஞ்சாவூர் கிளம்புவது எப்படி

வேன் வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு டீசல், டயர், டிராபிக் போலீஸ் என்று மூன்று தலைவலி. குடும்ப டூர் ஏற்றுகிறவர்களுக்கு நாலாவதாகப் பிள்ளைகள். எங்கள் வேனை ஓட்டுவது எங்க வீட்டுக்காரர். அதற்குள் யார் எங்கே உட்காருவது, எந்த ஊரில் இட்லி, எந்த ஊரில் சோறு, யாருக்கு வாந்தி வரும், எலுமிச்சம்பழம் யார் கையில் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது நான். திண்டிவனத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். குடும்பத்தோடு ஒரே ஒரு தடவை டூர் கிளம்பிப் பார்த்தவர்கள்கூட என் கட்சிதான். மேலே படியுங்கள், உங்கள் வீட்டுக் கதையும் நடுவில் எங்காவது வந்துவிடும்.

மே மாதம் பிறந்தால் தஞ்சாவூருக்கு வேன் கேட்டு ஆள் வரும். நானும் கூடப் போவேன். ஆனால் பெரிய கோயில் மதிலைத் தாண்டி நான் உள்ளே போனதே இல்லை. ராத்திரியெல்லாம் ஓட்டப்போகிற டிரைவர் பகலில் தூங்கியாக வேண்டும், சாமான்களுக்கு ஒரு ஆள் காவல் இருக்க வேண்டும், கூட்டம் சாமி பார்த்துவிட்டுப் பசியோடு வருவதற்குள் சோறு வடித்தாக வேண்டும். என் பிள்ளைகளுக்கு அந்த மதில்கூடக் கிடைத்ததில்லை. ஆறாவது படித்த சங்கீதாவும் மூணாவது படித்த தினேஷும் வருஷா வருஷம் வாசலில் நின்று யார் யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ டாட்டா காட்டுவார்கள். இரண்டாயிரத்து ஏழாம் வருஷ லீவில், "இந்தத் தடவ நீங்களும் வர்றீங்க, நானும் உங்ககூட கோயிலுக்குள்ள வர்றேன்" என்று வாயை விட்டுவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒருத்தர் காலும் தரையில் இல்லை, என்னையும் சேர்த்து.

மடிக் கணக்கு

அந்த லீவில் தஞ்சாவூருக்கென்று முதலில் வந்தவர்கள் மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பூபாலனும் அவர் மனைவி மலர்க்கொடியும். மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் ஏறிக் கிடக்கிற அந்த நாட்களில்தான் கடலோரத்து அப்பாக்கள் பிள்ளைகள் கையில் சிக்குவார்கள். "பெரியவங்க பன்னெண்டு பேருக்கா, எல்லாம் எங்க அண்ணந்தம்பி வகையறா" என்றாள் மலர்க்கொடி. எங்கள் வேன் பதினெட்டு சீட். எனக்கு எப்போதும் டிரைவர் பக்கத்தில் எஞ்சின் மேல் இடம். அப்படியானால் என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தாராளமாக இடம் இருக்கிறது என்று என் மனசு குதித்தது. "புள்ளைங்க எத்தினி பேரு?" என்று கேட்டேன். "அதுங்க மடியில உக்காந்துக்கும்" என்றாள்.

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவள் நான். டூர் புக் பண்ண வருகிற எந்தக் குடும்பத்திலும் பிள்ளைகளுக்குச் சீட் கிடையாது, மடிதான். அதனால் மடியில் உட்காருகிற ஜனங்களை நேரில் பார்த்த பிறகுதான் தேதி கொடுப்பது என்று ஒரு சட்டம் வைத்திருந்தேன். மறுநாள் ஆறு பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்தார்கள். பன்னிரண்டும் ஆறும் பதினெட்டு, அப்போதே வேன் நிரம்பிவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்று சங்கீதாவும் எண்ணிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஆறாவதாக வந்த பையன் நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்தான். மேலுதட்டில் கருப்பாக அரும்பியிருந்தது, குரலும் உடைந்திருந்தது. "இவனுமா மடி?" என்றேன். மலர்க்கொடிக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை. "மீசையப் பாக்காதக்கா. கண்டக்டர் வரும்போதெல்லாம் இவன இன்னமும் நான் மடியிலதான் வச்சிக்கினு வர்றேன்!"

தக்காளி இருக்கும் இடம்

பிளான் போடுகிற அன்றைக்குப் பூபாலனின் மூத்த அக்கா அஞ்சலையும் வந்தார். குப்பத்தில் மீன் ஏலம் எடுக்கிறவர். அவர் சாதாரணமாகப் பேசினாலே எங்கள் தெரு எட்டிப் பார்த்தது. அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். பிள்ளைகள் கேட்டது தஞ்சாவூர் ஒன்றுதான்: பெரிய கோயில், அரண்மனை, கத்தி, பீரங்கி. அக்காவுக்கு அது மட்டும் போதவில்லை. "சிதம்பரம் வழியிலதான கீது? வைத்தீஸ்வரன் கோயிலும் வழியிலதான். அப்படியே வேளாங்கண்ணி மாதாவுக்கும் ஒரு மெழுகுவத்தி வேண்டிக்கினு கீறேன்" என்று அடுக்கினார். இப்படி வழியிலேயே இருக்கிற கோயில்களை எல்லாம் பார்த்துவிட்டுத் தஞ்சாவூரைப் பார்க்காமலேயே திரும்பி வந்த குடும்பங்கள் எங்கள் வேனில் நிறைய உண்டு. நான் கெஞ்சிக் கூத்தாடி ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கடைசியில் அவர் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டது மேல்மலையனூர். குலதெய்வத்தைக் கும்பிடாமல் வண்டி நகரக்கூடாது.

மேல்மலையனூர் செஞ்சி பக்கம், தஞ்சாவூருக்கு நேர் எதிர்த் திசை. வாயால் சொன்னால் எடுபடாது என்று காய்கறிக் கூடையைத் தரையில் கவிழ்த்தேன். கத்திரிக்காய்தான் திண்டிவனம். அதற்குக் கீழே ஒரு கை நீளம் தள்ளித் தேங்காயை வைத்து, அதைத் தஞ்சாவூர் என்றேன். மேலே, மூலையில் ஒரு தக்காளியை வைத்து, "இதாங்க்கா மேல்மலையனூர். இங்க போய்ட்டு அங்க போனா புள்ளைங்க அரண்மனைய இருட்டுலதான் பாக்கும்" என்றேன். அஞ்சலை குனிந்து நிதானமாகப் பார்த்தார். பிறகு தக்காளியை எடுத்துத் தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இப்ப வழியில வந்துடுச்சா?"

பாரம் ஏற்றுகிற விதம்

வெள்ளிக்கிழமை அவர்கள் மட்டும் பஸ்ஸில் போய்க் குலதெய்வத்தைக் கும்பிட்டுவிடுவது, கிளம்புகிற அன்று வாசலில் அந்தத் திசையைப் பார்த்து ஒரு சூடம் ஏற்றுவது என்று சமாதானமாயிற்று. அது முடிந்தது, சீட் விஷயம் முடியவில்லை. எங்க வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கஸ்டமர் சீட்ட எப்படிடி கேக்கறது? அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். நியாயம்தான். ஆனால் அதைப் பிள்ளைகளிடம் சொல்லும் தைரியம் எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை. அவர்கள் ஸ்கூல் பையில் இருந்த புத்தகத்தை எல்லாம் கொட்டிவிட்டுத் துண்டு, சீப்பு, முறுக்கு என்று நிரப்பியிருந்தார்கள். தினேஷ் இரண்டு நாளாகப் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

புறப்படும் நாள் விடியலில் குப்பத்துக்குப் போய்க் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வேன் எங்கள் வாசலுக்கு வந்தது. அடுப்பும் பாத்திரமும் ஏற்ற வேண்டும், நான் ஏற வேண்டும். உள்ளே பார்த்தால் மூட்டையும் ஆளும் குடமுமாகக் கை நுழைக்க இடமில்லை. என் பிள்ளைகள் தீபாவளித் துணியைப் போட்டுக்கொண்டு படியில் நின்றார்கள். "பாப்பா, இங்க வா" என்று சங்கீதாவை ஓரமாகக் கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. பையைக் கழற்ற ஆரம்பித்தாள்.

பூபாலன் அதைப் பார்த்துவிட்டார். "டிரைவர் அண்ணே, ஆஃப் பண்ணுங்க. எல்லாரும் எறங்கு" என்றார். இறங்கினார்கள். பிறகு அவர் படகில் வலையும் ஐஸும் ஏற்றுகிற மாதிரி வேலை செய்தார். மூட்டை எல்லாம் மேலே கேரியரில். குடம் சீட்டுக்கு அடியில். கனத்த ஆட்கள் நடுவில், ஒல்லியானவர்கள் ஓரத்தில். சின்னப் பிள்ளைகளைக் கடைசி வரிசையில் ஒருத்தன் வலப்பக்கம் ஒருத்தன் இடப்பக்கம் சாய்ந்த மாதிரி அடுக்கினார். வாசலில் ஏற்றிய சூடம் எரிந்து அணைவதற்குள் பின்னால் இரண்டு பிள்ளைகள் உட்காருகிற இடம் காலியாக இருந்தது, எங்கிருந்து வந்தது என்று எங்க வீட்டுக்காரருக்கே விளங்கவில்லை. "வேணாங்க, உங்களுக்கு எடஞ்சல்" என்று நான் இழுத்தேன். பூபாலன் தினேஷை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உள்ளே போட்டார். "கூட வர்றேன்னு கெளம்பி நிக்கறவங்கள கரையில உட்டுட்டு தள்ளிக்கினு போற பழக்கம் எங்களுக்கு இல்லக்கா."

பண்ருட்டிப் பலா

கோயிலுக்குப் போய்த் திரும்புகிறவரை கவுச்சி கூடாது என்பது அஞ்சலை போட்ட உத்தரவு. மூன்று வேளையும் மீன் தின்று வளர்ந்த பிள்ளைகளுக்கு வழியில் சாப்பிட எலுமிச்சை சாதமும் புளிசாதமும் கட்டிக்கொண்டு வந்திருந்தோம். விழுப்புரம் தாண்டியதும் வேனுக்குள் ஒரு வாடை கிளம்பியது. யாரோ நெத்திலிக் கருவாட்டை வறுத்து டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். எல்லாருடைய மூக்கும் விடைத்தது. பூபாலன் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தார். எனக்கு ஆள் யாரென்று அப்போதே தெரிந்துவிட்டது.

பண்ருட்டி வந்ததும், "நிறுத்துங்க, பலாப்பழம்!" என்று குதித்து இறங்கினார். போகும்போது பலாப்பழம் வாங்காதே, வரும்போது வாங்கு என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. போகும்போது வாங்கினால் அது ஊர் ஊராக நம்மோடு பழுத்துக்கொண்டே வரும். நான் சொல்லச் சொல்லக் கேட்காமல், இருப்பதிலேயே பழுத்து வெடித்த பழமாகப் பார்த்துத் தூக்கிவந்து டப்பா இருந்த சீட்டுக்கு அடியிலேயே வைத்தார். வாங்கின சுருக்கில் பிள்ளைகள் பிய்த்துத் தின்றார்கள். பால் ஒட்டி ஒருத்தன் கை இன்னொருத்தி பின்னலில் மாட்டிக்கொண்டது, அதைப் பிரிக்க ஒரு பாட்டில் தேங்காயெண்ணெய் தீர்ந்தது. வேனுக்குள் வாசனை தூக்கியடித்தது. பூபாலன் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். முன் சீட்டிலிருந்து அஞ்சலை திரும்பாமலேயே கேட்டார். "ஏண்டா பூபாலா, பலாப்பழம்னா பலாப்பழ வாசன வரணும். இது இன்னா, நம்மூட்டு அடுப்பு வாசனயும் சேர்ந்து வருது?"

ஜன்னல் சீட்டுக்கு ஒரே வழி

எட்டுப் பிள்ளைகள், கடைசி வரிசையில் இரண்டே ஜன்னல். நான் ஒரு முறை வைத்திருந்தேன். ஊர் பலகை வந்தால் ஆள் மாற வேண்டும். நெய்வேலி பலகையைப் பார்த்ததும் "மாறு! மாறு!" என்று வேன் ஆடியது. வடலூர் வரைக்கும் சட்டம் நன்றாகத்தான் நடந்தது. அங்கே மலர்க்கொடியின் சின்ன மகள் அபிக்கு நிஜமாகவே வாந்தி வந்தது, ஜன்னல் ஓரத்தை நிரந்தரமாக அவளுக்குக் கொடுத்தேன். அது நான் செய்த முட்டாள்தனம். அடுத்த நிமிஷம் மிச்சம் ஏழு பேருக்கும் வாந்தி வந்தது. என் மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணைச் செருகினான், நல்ல நடிப்பு. நான் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, "வாந்தி வர்றவங்களுக்கு இன்னிக்கு முழுக்க இதுதான் சாப்பாடு, பலாப்பழம் கெடயாது" என்றேன். ஏழு பேரும் குணமானார்கள்.

அணைக்கரைப் பாலம் குறுகல், எதிர்ப்பக்கம் வண்டி வந்தால் இந்தப் பக்கம் நிற்க வேண்டும். நின்றோம். பிள்ளைகள் எல்லாரும் ஒரே ஜன்னலில் தலையை நுழைத்துக் கொள்ளிடத்தைப் பார்த்தார்கள். கோடையில் அங்கே என்ன இருக்கும்? கண்ணுக்கு எட்டியவரை மணல். எங்கள் பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் படித்த ஆறு, அதைப் பார்த்ததே பெரிசு என்று சத்தம் போட்டார்கள். பிறந்ததிலிருந்து கரை ததும்பக் கடலைப் பார்த்து வளர்ந்த அபி மட்டும் வாந்தியை மறந்து என்னிடம் திரும்பினாள். "இவ்ளோ பெரிய கரைய இங்க வச்சிக்கினு, தண்ணிய எங்க வச்சிருக்காங்க?"

அடுப்படி டூட்டி

வெயில் ஏறுவதற்கு முன் தஞ்சாவூர், இதுதான் என் பிளான். பலாப்பழம், பாலம், கும்பகோணத்தில் ஆளுக்கு இரண்டு காபி, காபிக்குப் பிறகு அஞ்சலைக்கு "வழியிலேயே" அகப்பட்ட ஒரு கோயில் எல்லாம் சேர்ந்து நாங்கள் போய் நின்றபோது உச்சி வெயில் வரப்போகிற நேரம். உள்ளே நடை சாத்த இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. எங்க வீட்டுக்காரர் மர நிழலில் வேனை விட்டுவிட்டு அப்படியே சீட்டில் சாய்ந்தார். கூட்டம் அவசர அவசரமாக இறங்கியது. எனக்குக் கை தானாக அடுப்புப் பக்கம் போய்விட்டது. பழக்கம் அப்படி. "சங்கீதா, தம்பி கையப் பிடிச்சிக்க, மலரக்காகூட போ" என்றேன்.

அவள் நகரவில்லை. "நீயும் வர்றேன்னு சொன்ன" என்றாள். "சோறு யாருடி ஆக்கறது?" என்று அதட்டினேன். அவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள், தம்பியையும் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். இத்தனை தூரம் வந்து மதிலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற இரண்டு பேரையும் பார்க்க எனக்கு ஆத்திரமும் அழுகையுமாக வந்தது. செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அஞ்சலை, "இன்னாம்மா பேஜாரு?" என்றார். "நான் உள்ள போனதே இல்லக்கா, இத்தினி வருஷமா வர்றேன், ஒரு தடவகூட இல்ல" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது. அவர் கழற்றின செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு வந்து என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினார். "சாமி சாயங்காலமும் இங்கதான் இருப்பாரு, நான் அப்ப பாத்துக்கறேன். உன் புள்ளைங்க அதுவரைக்கும் மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கெடக்கணுமா? ஜல்தி போ!"

தரை சுடுகிற நேரம்

இரண்டு கோபுர வாசலையும் தாண்டினால் கருங்கல் பரப்பு. மே மாத உச்சி வெயிலில், வெறுங்காலில். அந்த நேரத்தில் உள்ளே போகாதீர்கள் என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்! தினேஷ் ஒரு காலை வைத்தான், அலறிக்கொண்டு என் இடுப்பில் ஏறிவிட்டான். சங்கீதா நுனிக்காலில் குதித்தாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் எந்தக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆடினேன். குப்பத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒரு சூடா? கடற்கரை மணலில் மத்தியானத்தில் பந்து விளையாடுகிற கால்கள். அபி ஓடி வந்து தினேஷைக் கீழே இறக்கினாள். "நின்னாதான் சுடும். நிக்காம என்கூட ஓடியா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பறந்தாள். பின்னாலேயே சங்கீதா, அவளுக்குப் பின்னால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான். ஓடுகிறோம், சிரிக்கிறோம், "ஸ்ஸ் ஆ" என்று கத்துகிறோம், மறுபடி ஓடுகிறோம். நந்தி மண்டபத்து நிழலில் போய் எல்லாரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்தோம்.

மூச்சு வாங்கிக்கொண்டே நிமிர்ந்தேன். கோபுரம் அவ்வளவு பெரிசு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள், நானே வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன், ஆனால் தெரியவில்லை. வெயிலில் அந்தக் கல்லெல்லாம் பொன்னிறமாக இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி ஏறி வானத்தில் போய் முடிந்தது. என் இரண்டு பக்கமும் என் பிள்ளைகள் பின்னுக்குச் சாய்ந்து நின்றார்கள். "அம்மா, இது புக்குல இருக்கறதவிட பெருசும்மா" என்று தினேஷ் என் கையை உலுக்கிக்கொண்டே இருந்தான். எனக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் வந்தது. மேலே போன கண்ணைக் கீழே இறக்கவும் தோன்றவில்லை. நடை சாத்தப் போகிறார்கள் என்று கத்திக்கொண்டே பின்னால் வந்த மலர்க்கொடி என் முகத்தைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். "இன்னாக்கா, எங்களுக்குக் கோயிலு காட்டறேன்னு இட்டுக்கினு வந்துட்டு, எங்களுக்கு முந்தி நீ வாயப் பொளந்துக்கினு நிக்கற?"

போட்ட பிளானில் ஒன்றுகூட உருப்படியாக நடக்காத அந்த டூரைத்தான், இன்றுவரை வேன் கேட்டு வருகிறவர்களிடம் எங்கள் பிளான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லித் தேதி கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.